பழைய வீட்டுக்குப் புது வயரிங்: செலவு எதில் இருக்கிறது?

(நாக்பூரில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு அன்பர் கேட்டார்: "நாற்பது வருஷத்து வீடு ஸார். வயரிங் மாற்ற ஒருவர் 90 ஆயிரம் என்கிறார், இன்னொருவர் 2 லட்சம் என்கிறார். இதில் யார் ஏமாற்றுகிறார்?" பக்கத்தில் இருந்த நாலு பேர் தங்களுக்கும் அதே ஸந்தேகம் என்றார்கள். காரியதரிசி அதையே இன்றைய விஷயமாக்கி என் தலையில் கட்டிவிட்டார். நான் எலக்ட்ரிகல் இன்ஜினீயர் அல்ல. அந்தக் காலத்து பி.எஸ்ஸி. பௌதிகம், அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் ஸர்க்கார் ஃபைல், அவ்வளவுதான். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு பெரிய தப்பைச் செய்துவிட்டுக் கற்றுக்கொண்டவன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீடு 1974-ல் கட்டியது. செம்பு கிடைப்பது கஷ்டமாக இருந்த காலம், அதனால் வீடு முழுவதும் அலுமினிய வயர்; சுவரில் மரச்சட்டம் அடித்து அதன்மேல் க்ளிப் போட்டு ஓட்டியிருந்தார்கள். 2009-ல் பெயிண்ட் அடித்தபோது ஹாலுக்கும் இரண்டு ரூமுக்கும் வயர் மாற்றினோம். எலக்ட்ரீஷியன் கொடுத்த எஸ்டிமேட்டில் கடைசி வரி, "எர்த் வயர், எர்த் பிட் – ரூ.6,500". ஆபீஸ் பழக்கம், பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். "இத்தனை வருஷமாக எர்த் இல்லாமல்தானே விளக்கு எரிகிறது?" என்றேன். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மூன்று துளை ப்ளக் பாயிண்ட் எல்லாம் அழகாக வைத்தார். மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது.

2019 மே மாதம். நம் ஊர் வெயிலை உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஜன்னலில் தகரக் கூலர் ஓடிக்கொண்டிருந்தது. என் ஸஹதர்மிணி ஸ்நானம் செய்து, மடிப் புடவை ஈரம் காயுமுன், தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கக் கூலரில் கையை வைத்தாள். தூக்கி எறிந்தது. பின்பக்கமாக விழுந்ததால் பிழைத்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டு. அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் ராத்திரி பழைய ஃபைலைத் தேடி, அடித்துவிட்ட அந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது இதுதான். கூலர் பம்பின் உள்ளே காப்பு கெட்டு, கரண்ட் தண்ணீருக்கும் தகரத்துக்கும் வந்துவிட்டது. எர்த் வயர் இருந்தால் அது பூமிக்கு இறங்கியிருக்கும். இல்லாததால், யார் தொடுகிறார்களோ அவர்கள் வழியாக இறங்கக் காத்திருந்தது. ஃப்யூஸ் ஏன் போகவில்லை என்று பலர் கேட்டார்கள். ஃப்யூஸ் போக சில ஆம்பியராவது வேண்டும். மனித உயிர் போக ஒரு ஆம்பியரில் நூறில் சில பங்கு போதும். ஃப்யூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. மனிதரைக் காப்பாற்ற அல்ல. ஈரக் கை, ஈரத் தரை, ஈரப் புடவை என்றால் உடம்பின் தடை மிகவும் குறைந்துவிடும். மடி ஆசாரம் உள்ள நம் அகங்களில் சமையலறை, ஸ்நான அறை, கிரைண்டர் எல்லாம் எப்போதும் ஈரத்தோடுதான்.

கை கட்டு பிரிக்குமுன் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். முதலாமவர் ரூ.88,000. இரண்டாமவர் ரூ.1,32,000. மூன்றாமவர் ரூ.1,90,000. ஸர்க்காரில் இருந்தவனுக்கு உடனே எல்-1 தான் கண்ணில் படும். ஆனால் இந்த முறை, டெண்டரில் செய்வதுபோல் மூன்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதினேன். அப்போதுதான் தெரிந்தது, மூன்று பேரும் மூன்று வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருந்தார்கள். முதலாமவர் கணக்கில் எர்த் இல்லை, சுவர் பூச்சு இல்லை, ஜி.எஸ்.டி. இல்லை. மூன்றாமவர் விலை உயர்ந்த ஸ்விட்சும் முழு வீட்டுக்குப் பெயிண்டும் சேர்த்திருந்தார். எல்லோருக்கும் ஒரே பட்டியலைக் கொடுத்துத் திரும்பக் கேட்டபோது, மூவருக்கும் இடையே இருந்த வித்யாஸம் இருபதாயிரத்துக்குள் வந்துவிட்டது. ஆகவே அந்த அன்பருக்கு என் பதில்: யாரும் ஏமாற்றவில்லை. நாம் என்ன வேண்டும் என்று சொல்லவில்லை.

சரி, செலவை நிர்ணயிப்பவை எவை?

முதலாவது, பாயிண்ட் எண்ணிக்கை. வீடு எத்தனை சதுர அடி என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஒவ்வொரு விளக்கு, ஃபேன், ப்ளக் ஒரு பாயிண்ட். மாடிப்படிக்கு மேலும் கீழுமாக இரண்டு ஸ்விட்ச் வைத்தால் அதற்குத் தனி ரேட். ஏ.ஸி., கீஸர் போன்ற பவர் பாயிண்டுக்கு ரேட் அதிகம். எலக்ட்ரீஷியன் வருமுன் நாமே பேப்பரும் பென்சிலுமாக ஒவ்வொரு ரூமாகச் சுற்றி எண்ணிவிட வேண்டும். எங்கள் வீட்டில் 68 வந்தது. அதில் ஒன்பது, யாரும் தொடாத பாயிண்ட்.

இரண்டாவது, சுவர். சுவரில் காடி வெட்டிக் குழாயைப் புதைப்பதா, வெளியே பிளாஸ்டிக் பட்டையில் ஓட்டுவதா? புதைத்தால் அழகு, ஆனால் வெட்டுக்கூலி, பூச்சு, பெயிண்ட், ஒரு மாதம் தூசி. எலக்ட்ரீஷியன் கொட்டேஷனில் பெயிண்ட் பெரும்பாலும் இராது. ஏற்கெனவே புதைத்த குழாய் இருக்கும் வீடுகளில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பழைய வயரை இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறதா? வந்தால் அதே குழாயில் புது வயர் போடலாம், செலவு வெகுவாகக் குறையும். பம்பாய், விசாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இரும்புக் குழாய் துருப்பிடித்து வயரைக் கவ்விக்கொண்டிருக்கும். அங்கே வெட்டுவதைத் தவிர வழியில்லை. ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு, சுத்தியல் சத்தத்துக்கு ஸொஸைட்டி நேரம் குறித்திருந்தால் நாட்கள் கூடும், கூலியும் கூடும். முடிந்தால் வீடு காலியாக இருக்கும்போது செய்வது லாபம்.

மூன்றாவது, லோடு. 1974-ல் எங்கள் வீட்டில் எட்டு பல்பு, நாலு ஃபேன், ரேடியோ, இஸ்திரிப்பெட்டி. எல்லாம் ஒன்றாகப் போட்டாலும் ஒன்றரை கிலோவாட்டுக்கு மேல் போகாது. இன்று கீஸர் ஒன்றே 2,000 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட், இரண்டு ஏ.ஸி., வாஷிங் மெஷின். 2,000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். வயரில் உண்டாகும் உஷ்ணம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் இரட்டித்தால் உஷ்ணம் நான்கு மடங்கு. அதனால்தான் விளக்குக்கு 1.5 சதுர மி.மீ., பவர் ப்ளக்குக்கு 2.5, ஏ.ஸி.க்கும் கீஸருக்கும் 4 சதுர மி.மீ. வயர் என்று போடுகிறார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் போர்டிலிருந்து தனி லைன் வர வேண்டும். மின்சார ஆபீஸில் அனுமதித்த லோடும் போதுமா என்று பில்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டினால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

நான்காவது, செம்பு. செம்பு விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்கும், அதனால் போன வருஷத்து எஸ்டிமேட் இந்த வருஷம் செல்லாது. என் பௌதிகம் உபயோகப்பட்ட ஒரே இடம் இதுதான். ஒரு சதுர மி.மீ. செம்புக் கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 9 கிராம். 90 மீட்டர் சுருளில் 2.5 சதுர மி.மீ. வயர் என்றால், உறை நீங்கலாகச் செம்பு மட்டும் இரண்டு கிலோ இருக்க வேண்டும். கடையில் முழுச் சுருளே இரண்டு கிலோவுக்குக் கீழ் நின்றால் வாங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 694 என்ற எண், இரண்டையும் பாருங்கள். சுருள்களை நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுப்பது நல்லது.

ஐந்தாவது, எர்த்திங்கும் பாதுகாப்புக் கருவிகளும். ஆர்.ஸி.ஸி.பி. என்று ஒரு ஸ்விட்ச். போன கரண்ட் முழுவதும் திரும்பி வருகிறதா என்று ஓயாமல் கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அதாவது எங்கேயோ யார் உடம்பிலோ கசிகிறது என்றால், கண் இமைப்பதற்குள் நிறுத்திவிடும். எர்த் இருந்தால் இது எதற்கு என்று கேட்கலாம். நம் ஊர்க் கரிசல் மண் கோடையில் காய்ந்து வெடிக்கிறது. எர்த்தின் தடை ஏறுகிறது. தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் பதினொன்றரை ஆம்பியர்தான் பூமிக்குப் போகும். 16 ஆம்பியர் எம்.ஸி.பி. விழாது. ஆகையால் எர்த்தும் வேண்டும், ஆர்.ஸி.ஸி.பி.யும் வேண்டும். எர்த் பிட்டில் கோடையில் இரண்டு குடம் தண்ணீர் விடுவதும் வேண்டும்.

கடைசியில் எனக்கு ஆன கணக்கை ஒளிக்காமல் சொல்கிறேன். வயர் ரூ.38,000. கூலி ரூ.46,000. ஸ்விட்ச், பெட்டி, குழாய் ரூ.29,000. எம்.ஸி.பி., ஆர்.ஸி.ஸி.பி. உள்ள போர்டு ரூ.11,000. இரண்டு எர்த் பிட் ரூ.9,000. பூச்சும் பெயிண்டும் ரூ.31,000. மொத்தம் ரூ.1,64,000. 2019 விலை இது. இன்று உங்கள் ஊரில் கூடத்தான் இருக்கும். ஆனால் விகிதத்தைப் பாருங்கள். உயிரைக் காக்கும் போர்டும் எர்த் பிட்டும் சேர்ந்து இருபதாயிரம், மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. பெயிண்டை விடக் குறைவு. நான் 2009-ல் பெயிண்டைக் குறைக்கவில்லை, எர்த்தைக் குறைத்தேன்.

பென்ஷனில் இருப்பவர்களுக்கு ஒரே தடவையில் இவ்வளவு முடியாமல் இருக்கலாம். அப்படியானால் பகுதி பகுதியாகச் செய்யுங்கள். முதலில் மெயின் போர்டு, ஆர்.ஸி.ஸி.பி., எர்த் பிட். கூடவே ஈரம் உள்ள இடங்கள்: சமையலறை, ஸ்நான அறை, கூலர், மோட்டார். ரூம்கள் அடுத்த வருஷம். குறைக்க வேண்டுமென்றால் புதைப்பதை விட்டு வெளிப்பட்டையாகப் போடுங்கள், சாதாரண ஸ்விட்ச் வாங்குங்கள், வேண்டாத பாயிண்டை எடுத்துவிடுங்கள். வயர் கனத்திலும் எர்த்திலும் மட்டும் கை வைக்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. பழைய வயரிங்கில் ஆர்.ஸி.ஸி.பி. போட்டால் அடிக்கடி விழும். அது உண்மையைச் சொல்கிறது. தொந்தரவு என்று அதைத் தாண்டி வயர் கொடுக்கச் சொல்லாதீர்கள். சிலர் எர்த் துளையையும் நியூட்ரலையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவார்கள். மெயினில் நியூட்ரல் கழன்றால் வீட்டில் உள்ள இரும்பெல்லாம் ஷாக் அடிக்கும். அதை விட எர்த் இல்லாமல் இருப்பதே மேல்.

பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து ஃபோன் செய்து, "அப்பா, ஒரு ஏ.ஸி. வாங்கித் தரட்டுமா?" என்று கேட்பார்கள். முதலில் வயரிங் பார்க்கப் பணம் அனுப்பு என்று சொல்லத் தயங்காதீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் போர்டைத் திறந்து 'டி' என்று எழுதிய பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாதம் ஒரு தடவை அமுக்கி, விழுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே ஒரு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கூலருக்குத் தண்ணீர் விடுமுன் ப்ளக்கைப் பிடுங்குங்கள். இதற்குக் காசே வேண்டாம்.

என் ஸஹதர்மிணி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். மணிக்கட்டு குளிர்காலத்தில் இன்னும் வலிக்கிறது என்பாள். அந்த ரூ.6,500-ஐ நான் மிச்சம் பிடித்தேன் என்று நினைத்த தப்பை இங்கே யாரும் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.