குறி சொல்வோரும் புலவர்களும்



முன்பெல்லாம் சம்பள நாளன்று தோட்டத்திற்குக் கிளி ஜோசியர் வந்தால், லயத்து வாசலில் கூட்டம் கூடிவிடும். நாளை என்ன நடக்கும் என்று அறியும் ஆசை இன்று தோன்றியதன்று. நம் முன்னோருக்கும் இருந்தது. அதைச் சங்கப் புலவர்கள் எப்படிப் பாடியிருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

மகள் உடல் மெலிகிறாள். தாய் கவலையுற்றுக் கட்டுவிச்சியை அழைக்கிறாள். அவள் முறத்திலே நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கிறாள். வேலன் கழங்கு உருட்டி, ‘இது முருகனால் வந்த நோய்’ என்கிறான். ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு வெறியாட்டு நடக்கிறது. பெண்ணுக்கோ உள்ளுக்குள் சிரிப்பு! அவள் நோய் காதல் நோய் அல்லவா? இதைச் சுவையாகப் பாடிய பெண்பாற் புலவர் ஒருவருக்கு ‘வெறிபாடிய காமக்கண்ணியார்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகள் கொண்டது. போருக்குச் சென்ற தலைவன் திரும்புவானா என்று அறிய, முதிய பெண்கள் ஊர்ப்புறத்தே சென்று நெல்லும் முல்லைப் பூவும் தூவி, நற்சொல்லுக்குக் காத்து நிற்கிறார்கள். அங்கே குளிரில் நடுங்கும் இடைக்குலப் பெண் ஒருத்தி, கட்டிக்கிடக்கும் கன்றிடம், ‘உன் தாய் இப்போது வந்துவிடுவாள்’ என்கிறாள். அவள் சொன்னது கன்றுக்கு. இவர்கள் ஆறுதல் பெற்றது தலைவிக்கு!

சிலப்பதிகாரத்தில் நிமித்திகன் ஒருவன், இளையவரான இளங்கோவுக்கே அரசு கிட்டும் என்கிறான். அண்ணன் செங்குட்டுவன் மனம் வருந்தலாகாது என்று இளங்கோ துறவு பூண்டார். சொன்னவன் நிமித்திகன், முடிவு செய்தவர் இளங்கோ.

நேயர்களே, நாம் பணியாற்றிய தோட்டத்தில் ஒரு தந்தை நம்மிடம் வந்தார். “ஐயா, பையனுக்குப் படிப்பு ஸ்தானம் கெட்டிருக்கிறதாம். ஆறாம் வகுப்போடு நிறுத்திவிடுகிறேன்” என்றார்.

“ஜோசியர் உங்களிடம் என்ன கேட்டார்?” என்றோம்.

“பையன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்டார். வகுப்பிலே தூங்கி விழுகிறான் என்று சொன்னேன்.”

“அவன் எத்தனை மணிக்கு எழுகிறான்?”

அவர் தலைகுனிந்தார். விடியுமுன் எழுந்து, தாயோடு பால்மரக் காட்டுக்குப் போய் மங்கு துடைத்துவிட்டுத்தான் அவன் பள்ளிக்கு வந்தான். வீட்டிலே ஆறு வயிறு. அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. “ஜோசியர் உங்கள் சொல்லையே உங்களிடம் திருப்பித் தந்திருக்கிறார். ஒரு தவணை அவனைத் தூங்க விடுங்கள், பிறகு முடிவு செய்வோம்” என்றோம். மறுவாரம் முதல் தந்தையே அதிகாலையில் எழுந்து மங்கு துடைத்தார். பையன் ஐந்தாம் படிவம் வரை படித்தான்.

குறி கேட்பது ஆறுதலுக்கென்றால் கேளுங்கள். பிள்ளையின் படிப்பை நிறுத்துவதற்கென்றால், முதலில் அவன் கண்களைப் பாருங்கள். அதில் தூக்கம் இருக்கலாம், பசி இருக்கலாம். அவற்றுக்குப் பரிகாரம் நம் கையிலேயே உண்டு.