வக்காலத்து



அநியாயத்தை எதிர்த்து ஒருவர் வாய் திறந்த மாத்திரத்தில், சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லாமல், "இதைச் சொல்ல நீ யார்?" என்று கேட்பது அதிகார பீடங்களின் புராதன வழக்கம். அந்தக் கேள்விக்கு 1252-இல், இங்கிலாந்தின் மன்னனுடைய முகத்துக்கு நேரே, ஒரு விதவை விடையிறுத்த வரலாற்றைச் சொல்லவே இம்மேடைக்கு வந்தேன்.

ஆரண்டல் பிரபுவின் மனைவி இஸபெல், 1243-இல் கணவனை இழந்தவள். ஒரு நைட் வீரன் குதிரையேறிக் கவசம் பூண்டு போருக்குப் போவதற்கு ஈடாக விடப்படும் நில மானியத்தில் கால் பங்கு அவள் உரிமையில் இருந்தது. அந்நிலத்தை அனுபவித்தவன் இறந்தான், வாரிசு மைனர். மைனர் வயதுக்கு வரும்வரை நிலத்தின் வருமானத்தை அனுபவிக்கும் பாக்கியம் பாதுகாவலருக்கே என்பது அக்காலத்து முறையாதலால், மூன்றாம் ஹென்றி மன்னன் தானே பாதுகாவலன் என்று உரிமை கொண்டாடி அந்தக் கால் பங்கைத் தன் வசமாக்கிக்கொண்டான்.

கால் பங்கு நிலத்துக்காக வழக்காடியவளையா கொண்டாடுகிறீர்கள் என்று சில பண்டிதர்கள் முகம் சுளிக்கலாம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? பறிகொடுத்தவள் பேசாமல், பந்தியில் அமர்ந்திருந்தவர்களா பேசியிருப்பார்கள்?

நீதி வழங்க வேண்டிய அரசே நீதியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று அவள் கேட்டாள். மன்னன் ஏளனமாக நகைத்து, நாவன்மை மிக்கவள் என்பதற்காகப் பிரபுக்கள் கூடி உனக்கு வக்காலத்து எழுதிக் கொடுத்தார்களோ என்றான். "பிரபுக்கள் எதையும் எழுதித் தரவில்லை. சாசனம் தந்தவர்கள் நீங்களும் உங்கள் தந்தையுமே. அதைக் காப்பதாகச் சத்தியம் செய்து, அதற்கென்றே குடிகளிடம் பலமுறை பணமும் கறந்தீர்கள்" என்று அவள் திருப்பி உரைத்ததாக, செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மாத்யூ பாரிஸ் எழுதி வைத்திருக்கிறார்.

அது வெறும் வாய்ச்சவடால் அன்று, நண்பர்களே! 1215-இல் ஜான் மன்னன் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டா என்னும் அந்தச் சாசனத்தை, மகன் ஹென்றி 1225-இல் மறுபடி வழங்கியபோது, குடிகளின் அசையும் பொருளில் 15-இல் ஒரு பங்கு வரியாகப் போயிற்று. 1237-இல் மீண்டும் உறுதி செய்தபோது 30-இல் ஒரு பங்கு. காசு கொடுத்து வாங்கிய சரக்கை வாங்கியவர் கேட்டால், கேட்க நீ யார் என்பதா வியாபார தர்மம்?

இன்னொன்றையும் கவனியுங்கள். கணவனைக் கொன்ற வழக்கைத் தவிர வேறு எந்தக் கொலையிலும் ஒரு பெண்ணின் குற்றச்சாட்டைக் கொண்டு எவனையும் சிறைப்படுத்தலாகாது என்று விதித்ததும் அதே சாசனந்தான்! பெண்ணின் வாக்கை அவ்வளவு சந்தேகித்த தோலேட்டையே கையிலெடுத்து, அரசனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினாள் ஒரு பெண்.

கேட்டது கிடைக்கவில்லை, விடைபெறாமலே வெளியேறினாள். ஆயினும் பின்னாளில் அவள் செலுத்த வேண்டியிருந்த 30 மார்க் அபராதத்தை மன்னன் தள்ளுபடி செய்தபோது, வெஸ்ட்மின்ஸ்டரில் பேசியதுபோல் இனி நம்மை நிந்தித்துப் பேசலாகாது என்றொரு நிபந்தனையையும் விதித்தான். வக்காலத்து எங்கே என்று சிரித்த வாய், அவளுடைய மௌனத்துக்கு 30 மார்க் விலை பேசிற்று! அவள் சொல்லுக்கு மதிப்பில்லையென்றால், அவள் மௌனத்துக்கு அந்த விலை எதற்கு?