கடைக்கு உரிய வரி எண்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் எனக்கு வரியைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று தாங்கள் கேட்கலாம். மும்பையில் வாணிகம் செய்யும் நம்மவர்களின் தாள்களை நாள்தோறும் பார்ப்பவன் என்பதன்றி வேறு தகுதி இல்லை.

எந்த எண்ணைத் தேர்வது என்று பலர் வினவுகின்றனர். நாம் தேர்வது எண்ணை அன்று. கடைக்கு உரியவர் யார் என்பதையே. பான் எண்ணின் நான்காம் எழுத்தைப் பாருங்கள். ‘பி’ எனில் தனி மனிதர். ‘எஃப்’ எனில் கூட்டு நிறுவனம். ‘சி’ எனில் கம்பெனி. ஒருவரே உரிமையாளராயின் அவருடைய பான் எண்ணே கடைக்கும் உரியது. கடைக்கென்று இரண்டாவது எண் வாங்குவது தண்டத்துக்குரிய செயல்.

அண்ணனும் தம்பியும் முதல் போட்டு மளிகைக் கடை தொடங்குகின்றனர். “அண்ணன் பெயரிலேயே இருக்கட்டும், நமக்குள் எழுத்து எதற்கு?” என்கிறார் தம்பி. பாசத்தில் குறையில்லை. ஆயினும் அரசாங்க ஏட்டில் கடை அண்ணன் ஒருவருடையதே. வருமானமும் அவருடையது, வரிப் பாக்கியும் அவருடையது. அவர் காலமாகிவிட்டால் அந்த எண்ணைக் கொண்டு தம்பி ஒரு பில்லும் எழுத இயலாது. வாரிசுரிமை மனைவி மக்களுக்குச் செல்லும். தம்பி போட்ட முதலுக்குச் சான்று எங்கே? கூட்டுப் பத்திரம் எழுதி, நிறுவனத்தின் பெயரில் பான் எண் பெற்றிருந்தால் இருவர் பங்கும் ஏட்டில் நிற்கும். நம்மவரில் பலர் இதைச் சொன்னால் முகம் சுளிக்கின்றனர். சுளிக்கட்டும்.

2017 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள ஜி.எஸ்.டி. எண்ணில் 15 இடங்கள் உண்டு. முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிக்கும்: மகாராஷ்டிரத்துக்கு 27, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண்ணே. மதுரையிலும் கிளை வைத்துப் பதிவு பெற்றவருக்கு இரு எண்கள் இருக்கும். மும்பைக் கடைக்கு வாங்கிய சரக்குக்கு 33 எண்ணைக் கொடுத்தால், வரி வரவு மதுரைக் கணக்கில் போய் அமர்ந்துவிடும்.

டான் எண் என ஒன்றுண்டு. பிறருக்குப் பணம் கொடுக்கையில் வரி பிடித்துக் கட்டும் கடமையுள்ளவர்க்கே அது தேவை. சிறு கடைக்காரர் பெரும்பாலும் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கூட்டாகக் கடை நடத்துவோர் விருந்துக்குப் பின் என்னிடம் தாள்களைக் காட்டலாம். பத்திரம் எழுத மட்டும் வழக்கறிஞரிடந்தான் செல்ல வேண்டும்.