கம்பளி போர்த்திய யானைகள்: சேலத்துக்காரர்கள் எடுத்த மம்மூத் படம்

யானைக் கூட்டம் ஏன் காட்டை விட்டு ஊருக்குள்ள வருது? நாட்றாம்பாளையத்துல யாரைக் கேட்டாலும் இதுக்கு ஒரு பதில் வெச்சிருப்பாங்க. ராகி கதிர் பிடிச்சிருச்சும்பாங்க, அகழி தூர்ந்து போச்சும்பாங்க, காட்டுல குட்டை வத்திப் போச்சும்பாங்க. 1952-ல ஹாலிவுட்காரங்களும் இதே கேள்விக்கு ஒரு பதில் சொன்னாங்க. காட்டுக்குள்ள மம்மூத், அதாவது என்னைக்கோ அழிஞ்சு போன சடை யானை, இருக்கு, அதுக்குப் பயந்துதான் யானைங்க ஓடி வருதுன்னாங்க. ஏதோ பேச்சுக்குச் சொல்லலை, முழுநீளப் படமாவே எடுத்தாங்க. அவங்களோட கூட்டுச் சேர்ந்து அதைத் தயாரிச்ச கம்பெனி, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்.

நாட்றாம்பாளையம் தெரியாதவங்களுக்கு: அஞ்செட்டியிலேருந்து ஒகேனக்கல் போற காட்டு ரோட்டுல இருக்கிற ஊர். ஓசூர் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போற பசங்களும் இருக்காங்க, ராத்திரி பரண் மேல உட்கார்ந்து தகர டின்னைத் தட்டுற அப்பாக்களும் இருக்காங்க. இன்னைக்கு இது கிருஷ்ணகிரி மாவட்டம். அந்தப் படம் வந்தப்போ இந்தப் பக்கம் மொத்தமும் சேலம் ஜில்லாதான். 1965-ல தருமபுரி பிரிஞ்சது, 2004-ல கிருஷ்ணகிரி பிரிஞ்சது. அதனால இது நம்ம ஜில்லாக் கதைன்னு உரிமையோட சொல்லிக்கலாம்.

படத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி, இந்த மாதிரிக் கதை எங்கேருந்து வந்ததுன்னு பார்த்துடலாம். மனுஷன் கால் படாத ஒரு காடு, அங்க அழிஞ்சு போனதா நினைச்ச பிராணிங்க இன்னும் உலாவுது, துப்பாக்கியோட நாலு பேர் உள்ளே போறாங்க. இதுதான் அச்சு. இதை உலகத்துக்கே பரப்பினது ஆர்தர் கோனன் டாயல், அதாவது ஷெர்லாக் ஹோம்ஸை எழுதினவர். 1912-ல 'தி லாஸ்ட் வேர்ல்ட்'னு ஒரு தொடர்கதை எழுதினார். தென்னமெரிக்காவுல செங்குத்தா நிக்கிற ஒரு பீடபூமி, மேலே போனா டைனோசர். அந்தப் பீடபூமிக்கு நிஜத்துல தூண்டுதலா இருந்தது ரொரைமா மலை. 1884-ல அதுல முதல்ல ஏறின ஐரோப்பியர்கள்ல ஒருத்தர் எவரார்ட் இம் தர்ன். அவர் பின்னாடி இலங்கையில காலனிச் செயலாளரா வேலை பார்த்தார்ங்கிறது பலருக்குத் தெரியாத ஒரு துணுக்கு.

அதே 1912-லதான் டார்ஜானும் பிறந்தான். எட்கர் ரைஸ் பரோஸ் எழுதினது. டார்ஜான் மாதிரிக் கதைங்க வந்த பத்திரிகைங்களோட தாள் மட்டமான மரக்கூழ்ல செஞ்சது, அதனாலதான் பல்ப் கதைன்னு பேர். விலை சல்லிசு, அட்டையில ஒரு பூதாகார மிருகம், கையில ஈட்டியோட ஒரு வீரன். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுல மாத நாவல் வாங்கிப் படிச்சவங்களுக்கு அந்த ருசியை நான் விளக்க வேண்டியதில்லை. 1925-ல டாயல் கதை மௌனப் படமா வந்தது. வில்லிஸ் ஓ'பிரையன்ங்கிற கலைஞர் பொம்மை டைனோசரைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு ஃப்ரேம் எடுத்து அதுக்கு உயிர் கொடுத்தார். 1933-ல வந்த 'கிங் காங்'கும் அவர் கைவேலைதான்.

பெரிய கம்பெனிங்க பெரிய செலவு பண்ணி எடுத்தாங்க. சின்னக் கம்பெனிங்க சின்னச் செலவுல எடுத்தாங்க. நம்ம கதையில வர்ற ராபர்ட் லிப்பர்ட் ரெண்டாவது ரகம். தியேட்டர் முதலாளி, தன் தியேட்டருக்குப் படம் வேணுமேன்னு மலிவுப் படங்களாத் தயாரிச்சுத் தள்ளினவர். 1951-ல அவர் கம்பெனி 'லாஸ்ட் கான்டினென்ட்'னு ஒரு படம் விட்டது. தொலைஞ்சு போன ராக்கெட்டைத் தேடி ஒரு மலை மேல ஏறுறாங்க, உச்சியில டைனோசர் காடு. மலை உச்சிக் காட்சி மட்டும் பச்சைச் சாயத்துல வரும். ஹீரோ சீசர் ரொமேரோ, பின்னாளில் பேட்மேன் டிவி தொடர்ல ஜோக்கரா வந்தவர். கதை கேரல் யங். இந்த ரெண்டு பேரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, அடுத்த வருஷமே இந்தியக் கதைக்கு வந்துட்டாங்க.

இப்ப சேலம். ஏற்காடு அடிவாரத்துல 1935-ல டி.ஆர்.சுந்தரம் தொடங்கினது மாடர்ன் தியேட்டர்ஸ். இங்கிலாந்துல லீட்ஸ் நகரத்துல ஜவுளித் தொழில்நுட்பம் படிச்சுட்டு வந்தவர். மலையாளத்தோட முதல் பேசும்படம் 'பாலன்' 1938-ல இவர் தயாரிச்சது. தமிழோட முதல் முழுநீள வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல இங்கேருந்துதான் வந்தது. சென்னைக்குப் போகாம, ஜில்லாத் தலைநகர்ல உட்கார்ந்துக்கிட்டே படம் படமா எடுத்த மனுஷன். புதுசா எதையாவது பண்ணணும்ங்கிற அரிப்பு அவருக்கு எப்பவும் உண்டு. 'மந்திரி குமாரி'யை இயக்கின அமெரிக்கர் எல்லிஸ் டங்கன் மூலமா ஹாலிவுட்டோட பழக்கமும் இருந்தது.

அப்படி வந்ததுதான் 'தி ஜங்கிள்'. 1952-ல லிப்பர்ட் கம்பெனி வெளியிட்டது. தமிழ்ல 'காடு'ங்கிற பேர்ல வந்தது. இயக்கம் வில்லியம் பெர்க், எழுத்து கேரல் யங். இந்த ஜோடி ஏற்கெனவே 1948-ல 'ஜங்கிள் ஜிம்' எடுத்த ஜோடி, காட்டுப் படம்னா அவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. ஒளிப்பதிவு கிளைடு டி வின்னா, ஆஸ்கார் வாங்கினவர். 1931-ல வந்த 'டிரேடர் ஹார்ன்' படத்துக்காகவே ஆப்பிரிக்காவுக்குக் கேமராவைத் தூக்கிட்டுப் போனவர். வேட்டைக்காரனா ராட் கேமரன், இளவரசியா மேரி வின்ட்சர், அவனைச் சந்தேகப்படுறவரா ரொமேரோ. நம்ம பக்கத்துலேருந்து நம்பியாரும் நடிச்சார். எம்.ஜி.ஆர் படத்துல கண்ணை உருட்டுற அதே நம்பியார்தான், ஹாலிவுட் படத்துலயும் தலைகாட்டிட்டு வந்துட்டார்.

கதை எளிமையானது. யானைங்க மிரண்டு ஓடி ஊர்களை மிதிச்சு நாசம் பண்ணுது. காரணம் தேடி இளவரசியோட ஒரு குழு காட்டுக்குள்ள போகுது. வேட்டைக்காரன் மம்மூத்தைப் பார்த்ததாச் சொல்றான், யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. கடைசியில மம்மூத்தே வருது.

வருதுன்னா எப்படி? ஓ'பிரையன் மாதிரி பொம்மை அசைச்சு மாசக்கணக்குல மெனக்கெட லிப்பர்ட்டுக்குப் பொறுமையும் இல்லை, பணமும் இல்லை. ஆனா இந்தியாவுல யானை இருந்தது. நிஜ யானைக்குச் சடைசடையா உரோமப் போர்வையைப் போர்த்தி ஓட விட்டாங்க. முடிஞ்சது, மம்மூத் தயார்! படம் பார்க்கிறப்போ நீங்க கவனிக்க வேண்டியது காது. பனிப்பிரதேசத்து மம்மூத்துக்கு உடம்புச் சூடு வெளியே போகக் கூடாதுன்னு காது சின்னதா இருக்கும். நம்ம யானைக்கு அந்தக் காதுதான் விசிறி, ரத்தத்தைக் குளிர வைக்கிற இடமே அதுதான். உடம்புக்குக் கம்பளி மாட்டலாம், விசிறியை என்ன பண்றது? அந்த வெயில்ல கம்பளியைச் சுமந்த யானைங்களை நினைச்சா எனக்குச் சிரிப்பை விடப் பாவமாத்தான் இருக்கு.

விமர்சகர்கள் இந்த வேஷத்தைக் கேலி பண்ணாத நாளில்லை. ஆனா ஒரு விஷயத்துல நான் படத்தோட கட்சி. பல மலிவுப் படங்கள்ல பல்லிக்குக் கொம்பு ஒட்டி டைனோசர்னாங்க. பல்லிக்கும் டைனோசருக்கும் கிட்டின உறவு கிடையாது, டைனோசரோட இன்றைய வாரிசு பறவைங்கதான். யானை விஷயம் வேற. இன்னைக்கு உயிரோட இருக்கிற மிருகங்கள்ல மம்மூத்துக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் நம்ம ஆசிய யானைதான். ஆப்பிரிக்க யானையை விட ஆசிய யானைக்குத்தான் மம்மூத் நெருக்கம்னு மரபணு ஆராய்ச்சியே சொல்லுது. கடைசி மம்மூத்துங்க சைபீரியாவுக்கு வடக்கே ராங்கல் தீவுல சுமார் 4,000 வருஷம் முன்னாடி வரைக்கும் இருந்தது. எகிப்துல பெரிய பிரமிடு கட்டி முடிச்சப்போ அதுங்க மேய்ஞ்சுட்டு இருந்திருக்கு. ஆக, சேலத்துக்காரங்க பெரியப்பா வேஷத்துக்குத் தம்பி மகனை நிறுத்தியிருக்காங்க, அவ்வளவுதான்.

யானையோட சினிமா உறவு நமக்கு அதை விடவும் பழசு. 1937-ல வந்த 'எலிஃபென்ட் பாய்' மைசூர்க் காடுகள்ல எடுத்தது. அதுல நடிச்ச சாபு, மைசூர் ராஜ்ஜியத்து மாவுத்தன் ஒருத்தரோட மகன், அப்படியே ஹாலிவுட் நட்சத்திரம் ஆயிட்டான். 1941-ல தமிழ்ல 'வனமோகினி' வந்தது, காட்டுப் பெண்ணா கே.தவமணி தேவி. அதுல நடிச்ச சந்துருங்கிற யானைக்கு டைட்டில்லயே மரியாதையான இடம் கொடுத்தாங்க. டைட்டில்ல பேர் வந்த யானை சந்துரு, பேர் வராமக் கம்பளி சுமந்தது பின்னாடி வந்த யானைங்க.

சரி, டைனோசர்? அஞ்செட்டிக் காட்டுல டைனோசர் எலும்பு கிடைக்குமான்னு சிலர் கேட்பாங்க. கிடைக்காது. இந்தப் பக்கத்துப் பாறைங்க சுமார் 250 கோடி வருஷப் பழசு. பூமிக்கு அடியில வெந்து, நசுங்கி, உருமாறின கல். டைனோசர் பூமிக்கு வந்ததே ஏறக்குறைய 23 கோடி வருஷம் முன்னாடிதான். அந்தக் கல் உருவான காலத்துல நுண்ணுயிரைத் தவிர உலகத்துல யாருமே இல்லை. கிரானைட் குவாரியில எவ்வளவு ஆழம் தோண்டினாலும் எலும்பு வராது.

தமிழ்நாட்டு டைனோசருக்கு அரியலூர் போகணும். அது ஒரு காலத்துல கடல் ஏறி இறங்கின பூமி, படிஞ்ச மண்ணுல புதைஞ்சதெல்லாம் பத்திரமா இருக்கும். கல்லமேடுங்கிற இடத்துல கிடைச்ச எலும்புகளை வெச்சு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1987-ல ஒரு பிராணிக்குப் பேர் வெச்சாங்க: பிருஹத்காயோசாரஸ். பெருத்த உடம்புக்காரன்னு அர்த்தம். கால் எலும்பு ஒண்ணு மட்டுமே 2 மீட்டர். கணக்குப் போட்டா பூமியில நடந்த மிகப் பெரிய மிருகங்கள்ல ஒண்ணா வரும். ஆனா எலும்பு ரொம்ப நொறுங்குற நிலையில இருந்தது, வெளியே எடுத்த பிறகு உதிர்ந்தே போச்சு. மிஞ்சினது படமும் அளவும்தான். அதனால அது டைனோசரா, கல்லாப் போன மரமான்னு வருஷக்கணக்குல சண்டை போட்டாங்க. டாயல் கதையில வர்ற பேராசிரியர் சேலஞ்சருக்கும் இதே தலைவலிதான்: பார்த்தேன்னு சொல்றார், சாட்சி கேட்கிறாங்க. எனக்கு எந்த மம்மூத் படத்தை விடவும் அரியலூர்க் கதைதான் பெருசாத் தெரியுது.

மறுபடி யானைக்கு வருவோம், ஏன்னா படம் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிக்குது. மழை முடியுற பருவத்துல, பொதுவா அக்டோபர் நவம்பர் வாக்குல, கர்நாடகாவோட பன்னேர்கட்டா காட்டுலேருந்து யானைக் கூட்டங்க ஜவளகிரி வழியா இந்தப் பக்கம் வருது. அங்கேருந்து தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் சானமாவுன்னு பிரிஞ்சு போகுது. சிப்காட் புகைபோக்கி தெரியற தூரத்துல யானை நிக்கிற ஊர் உலகத்துல எத்தனை இருக்கும்! அந்தப் பருவம்தான் ராகி கதிர் முத்துற பருவமும்.

1980-களில் இந்த விஷயத்தைக் காட்டுக்குள்ளயே உட்கார்ந்து ஆராய்ஞ்சவர் ராமன் சுகுமார், சென்னையில பிறந்தவர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்காரர். பிலிகிரிரங்கன், சத்தியமங்கலம் மலைக்காடுகள்ல யானைங்க பின்னாடியே திரிஞ்சு பார்த்தார். அவர் கண்டது: குட்டியோட இருக்கிற பெண் யானைக் கூட்டத்தை விட, தனியாத் திரியுற ஆண் யானைதான் வயலுக்கு அதிகமா வருது. காட்டுப் புல்லை விட ராகியில புரதமும் கால்சியமும் உப்புச் சத்தும் கூடுதல். பெருத்த உடம்பு இருந்தாத்தான் அடுத்த ஆண் யானையை மிஞ்ச முடியும், இணை கிடைக்கும். அதுக்காக அது டின் சத்தத்தையும் பட்டாசையும் தாங்கிக்கிட்டு வருது. பயந்து ஓடி வருதுன்னு ஹாலிவுட் சொன்னது நேர் தலைகீழ். யானை துணிஞ்சு வருது.

இதை ஊர்க்காரங்க அறிவியல் இல்லாமலே தெரிஞ்சு வெச்சிருக்காங்க. கூட்டமா வந்தா சத்தம் போட்டுத் திருப்பிடலாம், ஒத்தை யானைன்னா பரணை விட்டு இறங்கக் கூடாதும்பாங்க. ராத்திரி முழுக்கக் காவல் இருந்துட்டுக் காலையில பார்த்தா, கால் ஏக்கர் ராகி மிதிபட்டுக் கிடக்கும். நஷ்டத்துல பாதி தின்னது இல்லை, நடந்தது. வேரோட பிடுங்கி, முழங்கால்ல தட்டி மண்ணை உதறிட்டுத் தின்னுற நேர்த்தியைப் பார்த்தவங்க, கோபத்துலயும் ஒரு நிமிஷம் அசந்து போவாங்க.

கென்னத் ஆண்டர்சனையும் சொல்லணும். பெங்களூருவுல வாழ்ந்த வேட்டைக்காரர், 1974-ல காலமானவர். 1954-ல வந்த அவரோட முதல் புத்தகத்துலயே ஜவளகிரிப் புலியும், கும்மளாபுரம் சிறுத்தையும், பனப்பட்டி ஒத்தை யானையும் வருது. அத்தனையும் இந்த எல்லைக் காடுகள்ல நடந்ததுதான். மம்மூத் படம் வந்து ரெண்டே வருஷத்துல, கற்பனை மிருகமே தேவையில்லைன்னு காட்டின புத்தகம் அது. அந்தக் காட்டுல பெரும்பகுதி இப்ப சரணாலயம். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-ல, 504 சதுர கிலோமீட்டர். காவிரி தெற்கு 2022-ல, 686 சதுர கிலோமீட்டர். ரெண்டும் கர்நாடகக் காட்டோட சேர்ந்து ஒரே பரப்பா யானைக்குக் கிடைக்குது.

அதனால ஒரு வேண்டுகோள். அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியா ஒகேனக்கல் போறவங்க வெளிச்சம் இருக்கும்போதே காட்டைத் தாண்டிடுங்க. ரோட்டுல யானை நின்னா ஹாரன் அடிக்காதீங்க, இறங்கிப் படம் எடுக்காதீங்க, தள்ளி நிறுத்திட்டு அது போற வரைக்கும் காத்திருங்க. உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது 'காடு' படத்தைத் தியேட்டர்ல பார்த்திருந்தா, எந்த ஊர், எந்தக் கொட்டகைன்னு கேட்டு எழுதி அனுப்புங்க.