கட்டுவதற்கு முன் காலைப் பாருங்கள்

(நாட்டரசன்கோட்டையில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



கண்ணுல கோளாறுன்னா கண்ணாத்தாகிட்ட வேண்டிக்கிறோம். காலை மட்டும் யாரும் குனிஞ்சு பார்ப்பதில்லை.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அக்காவுக்குக் கால் வீக்கம். டாக்டர் சொன்னபடி கிரேப் பேண்டேஜ் கட்டி, வீக்கம் வடிந்தது. பக்கத்து வீட்டு அம்மா ‘எனக்கும் கால் வலி’ என்றதும், நல்ல மனசோட அதையே கொடுத்தார். இறுக்கிக் கட்டியதில் அந்த அம்மாவுக்கு விரல் கறுத்து, கடைசியில் விரலையே எடுக்க வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி? நம்ம கண்மாயை நினைச்சுப் பாருங்க. மடை அடைச்சா வயல் காயும். வடிகால் அடைச்சா தண்ணி தேங்கும். காலுக்கு ரத்தம் கொண்டு வருவது தமனி. திரும்ப எடுத்துப் போவது சிரை.

சிரையில் கோளாறு என்றால் சாயங்காலம் கால் வீங்கும், கனக்கும். நரம்பு சுருண்டு புடைக்கும். கணுக்காலைச் சுற்றித் தோல் பழுப்பாகும். புண் உள் கணுக்கால் பக்கம் வரும், நீர் கசியும். காலை உயர்த்தி வைத்தால் சுகம்.

தமனியில் அடைப்பு என்றால் பாதம் சில்லென்று இருக்கும், வெளுக்கும். நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் விடும். புண் விரல் நுனியிலோ குதிகாலிலோ வரும். ராத்திரி காலைத் தொங்கப் போட்டால்தான் சுகம். இந்தக் காலை இறுக்கிக் கட்டினால், வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும்.

சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். சுகர் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் போகலாம். அதனால் பாத நாடி பார்த்து, தேவைப்பட்டால் டாப்ளர் எடுத்து, டாக்டர் சொன்ன பிறகே கட்ட வேண்டும். சுடுதண்ணி ஒத்தடம் வேண்டாம். பீடி, புகையிலை இரண்டையும் விடணும்.

கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்தால் உடனே 108. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. எண்ணெய் போட்டுத் தேய்க்காதீங்க.

2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது வீடு வீடாகப் போனவர்கள் மகளிர் குழுப் பெண்கள்தான். இது நம்மால் முடியாததா? இன்று வீட்டுக்குப் போனதும் மாமியார் காலைத் தொட்டுப் பாருங்க. பிறகு உங்கள் காலையும் பாருங்க.