வாட்பிடியும் வாங்குவோன் விழிப்பும்



வெலிமடைச் சந்தையில் விதை உருளைக்கிழங்கு வாங்க வரும் கமக்காரனைக் கவனித்தவர்களுக்கு ஓர் உண்மை புலப்படும். மூட்டையின் மேற்புறத்தில் அழகாக அடுக்கப்பட்டிருக்கும் கிழங்குகளை அவன் நம்புவதில்லை. கையை ஆழமாக விட்டு அடியிலுள்ள கிழங்கை எடுக்கின்றான், முளைக்கண்ணைப் பார்க்கின்றான், நகத்தாற் கீறிப் பார்க்கின்றான், எந்த மண்ணில் விளைந்தது என்று கேட்கின்றான். இவற்றுக்கெல்லாம் விடை கிடைத்த பின்னரே மடியை அவிழ்க்கின்றான். அக்கமக்காரனின் மகனோ, கைத்தொலைபேசியிற் கண்ட படமொன்றை நம்பி, முகமறியாத ஒருவருக்குப் பல மாதச் சேமிப்பை அனுப்பிவிட்டு, பழைய வாட்பிடி ஒன்று தபாலில் வருமெனக் காத்திருக்கின்றான். தந்தையிடம் இருந்த விழிப்பு மகனிடம் இல்லாமற் போனது ஏன்? இன்றைய பேச்சின் பொருள் இதுவேயாகும்.

பழம்பொருள்மீது மனிதனுக்குள்ள ஆசை இயல்பானது, பழிக்கத்தக்கதன்று. கண்டி இராச்சியத்துக் கம்மாளர் செய்த கஸ்தானே வாளைப் பார்த்தவர் எவரும் அதை எளிதில் மறவார். இலங்கையின் தேசியக் கொடியிற் சிங்கம் ஏந்தி நிற்பது அந்த வாளையே. குறுகி வளைந்த அலகு. சிங்கமுகம் கொண்ட பிடி. கைகாப்பின் முனைகளிலே வாய் திறந்த விலங்குத் தலைகள். போருக்கு மட்டுமன்றிப் பதவியின் சின்னமாகவும் பிரதானிகள் அதை அணிந்தனர். அரசனின் பட்டறைகளில் இத்தகைய வேலைகளைச் செய்த கைவினைஞர்களைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1908 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிலே விரிவாக எழுதியிருக்கின்றார்.

இதற்கு ஒப்பான சிறப்புடையவை யப்பானிய வாளின் உறுப்புகள். கைக்கும் அலகுக்கும் இடையே அமையும் தட்டு ‘ட்சுபா’ எனப்படும். பிடியின் இரு பக்கங்களிலும் பதிக்கப்படும் சிற்றணிகள் ‘மெனுகி’ எனப்படும். செம்பிலே சிறிது பொன்னைக் கலந்து, பதப்படுத்திக் கருநிறமாக்கிய ‘ஷாகுடோ’ என்னும் உலோகத்திலும், இரும்பிலும் இவை செய்யப்பட்டன. 1876 ஆம் ஆண்டில் யப்பானிய அரசு பொது இடங்களில் வாள் அணிவதைத் தடுத்தது. படையினர், பொலிசார் போன்றோருக்கே விலக்கு இருந்தது. அதனாற் பல்லாயிரம் உறுப்புகள் வாளைப் பிரிந்து சந்தைக்கு வந்தன. கப்பலேறி மேனாட்டுக்கும் சென்றன. அன்று தொடங்கிய வியாபாரம் இன்று இணையத்தின் வழியாக வெலிமடை வரை வந்துவிட்டது.

சந்தை எங்கு உண்டோ அங்குப் போலியும் உண்டு. நல்ல ட்சுபா ஒன்றை அச்செடுத்து, அதில் உலோகத்தை உருக்கி வார்த்து, துருவேற்றிப் பழையதெனக் காட்டுவது நெடுநாளைய தந்திரம். ஆயினும் வார்ப்பு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால், வார்த்த பொருள் மூலப்பொருளினும் சற்றுச் சிறிதாயிருக்கும். மேற்பரப்பிலே ஊசித்துளை போன்ற குமிழிகள் தென்படும். ஓரத்தில் அச்சின் இணைப்புக்கோடு எஞ்சியிருக்கும். உளியாற் செதுக்கிய கோட்டின் கூர்மை மழுங்கிப்போயிருக்கும். ஒரே தட்டு, ஒரே இடத்தில் ஒரே வடுவுடன், மூன்று விற்பனையாளர்களிடம் காணப்படுமாயின், மூன்றும் ஓர் அச்சிற் பிறந்த பிள்ளைகள் என அறிந்துகொள்ளலாம். புகழ்பெற்ற கலைஞனின் பெயர் வெட்டப்பட்டிருப்பதும் போதிய சான்றாகாது. பெயரைப் பொய்யாக வெட்டுதல் தட்டை வார்ப்பதினும் எளிது.

ஆதலின், வாங்க எண்ணுவோர் நான்கு செயல்களைத் தவறாது செய்தல் வேண்டும். முதலாவது, முகப்பை மட்டுமன்றிப் பின்புறம், ஓரம், துளையின் உட்புறம் ஆகியவற்றின் தெளிவான படங்களையும், அளவையும் நிறையையும் கேட்டல். மூட்டையின் அடியிலுள்ள கிழங்கைக் கேட்பது போன்றது இது. இரண்டாவது, சான்றிதழ் உண்டெனில் அதனைப் பொருளோடு ஒப்பிடுதல். 1948 இல் நிறுவப்பட்ட யப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் இத்தகைய உறுப்புகளைப் பரிசோதித்துப் படத்துடன் சான்றிதழ் வழங்குகின்றது. படத்திலுள்ள வடு பொருளிலும் இருத்தல் வேண்டும். மூன்றாவது, திருப்பி அனுப்பும் உரிமை எழுத்தில் இல்லாதவிடத்தும், தனியார் கணக்கிற் பணத்தை இடுமாறு வற்புறுத்துமிடத்தும் விலகுதல். நான்காவது, அவசரத்துக்கு ஆட்படாதிருத்தல். “இன்றிரவுக்குள் அனுப்பாவிடில் வேறொருவர் வாங்கிவிடுவார்” என்னும் சொல்லைக் கேட்டவுடன் கைத்தொலைபேசியை மூடி வைப்பதே அறிவுடைமை. நேர்மையான வணிகர் வினாவை விரும்புவார். ஏமாற்றுவோரோ வினாவைக் கண்டு சினப்பார்.

யப்பானியத் தட்டைப் பொறுத்தவரை விழிப்பு இத்துடன் பெரும்பாலும் முற்றுப்பெறும். இலங்கைப் பழம்பொருளைப் பொறுத்தவரையிலோ இங்குதான் தொடங்குகின்றது. கஸ்தானே ஒன்றின் பிடியென விற்கப்படுவது போலியாயிருப்பின் பணம் போகும். மெய்யாயிருப்பின்? அது எந்த விகாரையின் பெட்டகத்திலிருந்து வந்தது? எந்த இரவில், எந்த மேட்டைத் தோண்டி எடுக்கப்பட்டது? போலியை வாங்கியவன் பொருளை இழக்கின்றான். திருட்டை வாங்கியவன் மானத்தையும் இழக்கின்றான்.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி உடன்படிக்கை நாளாகிய 1815 மார்ச் 2 ஐ எல்லையாகக் கொண்டு, அதற்கு முற்பட்ட பொருள்களுக்குக் காப்பளித்தது. மண்ணிற் புதைந்து, கண்டெடுக்கப்படாதிருக்கும் தொல்பொருள் அரசுக்குரியது; அநுமதியின்றி எதையும் நாட்டுக்கு வெளியே அனுப்பலாகாது. 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கப் பண்பாட்டுச் சொத்துச் சட்டம், இத்தகைய பொருள்களை விற்பவரும் அநுமதிப்பத்திரம் பெறவேண்டுமென விதித்தது. எனவே, ‘உண்மைதானா?’ என்று கேட்கு முன்னரே, ‘உம்முடையதுதானா?’ என்று விற்பவரைக் கேட்டல் வேண்டும். ஐயம் எழுமாயின் தொல்பொருளியல் திணைக்களத்தை நாடுதல் முறை.

பொருளின் வழிவரலாறு எத்துணை வன்மை உடையது என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றுண்டு. 1765 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் படை கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டது. அப்போது கொண்டு செல்லப்பட்டவற்றுள் லெவ்கே திசாவை அரசனுக்கு அளித்த சிறு பீரங்கியும் ஒன்று. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த அப்பீரங்கி, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒல்லாந்தின் தேசிய நூதனசாலைக்கு உரியதாக இருந்தது. அது வந்த வழியை இரு நாட்டு ஆய்வாளர்களும் ஆராய்ந்தனர். பின்னர், 2023 இல், பொன் கஸ்தானே, வெள்ளிக் கஸ்தானே, சிங்களக் கத்தி, இரு துவக்குகள் ஆகியவற்றுடன் அது இலங்கைக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. ஓர் அரசின் நூதனசாலையே “இது எவ்வழி வந்தது?” என்ற வினாவுக்குப் பணிந்ததென்றால், தபாற்பொதியைப் பிரிக்கும் தனிமனிதன் அவ்வினாவை ஒதுக்கிவிடுதல் தகுமோ?

வெலிமடைக்கு அண்மையில் உள்ள கெப்பெட்டிபொல என்னும் ஊரின் பெயரை இப்பகுதியினர் நாள்தோறும் சொல்கின்றனர். ஊவாவின் திசாவையாயிருந்த கெப்பெட்டிபொலவை, 1817 ஆம் ஆண்டின் கிளர்ச்சியை அடக்குமாறு ஆங்கிலேயர் அனுப்பினர். அவரோ மக்களின் பக்கம் சேர்ந்தார். சேரு முன், தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த ஆயுதங்களை ஆங்கிலேயருக்கே திருப்பி அனுப்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1818 நவம்பர் 26 ஆம் நாள் கண்டியில் அவர் தலை வெட்டப்பட்டது. கடல் கடந்து கொண்டு செல்லப்பட்ட அவருடைய மண்டையோடு 1954 இலேயே தாய்நாடு திரும்பிற்று.

போர்முனையில், துவக்கு ஒவ்வொன்றும் பொன்னாய் மதிக்கப்படும் வேளையிலும், ‘இது எவருடையது?’ என்று தம்மையே கேட்ட மனிதர் அவர். அவருடைய பெயர் தாங்கிய ஊரின் அயலில் வாழும் இளைஞர், வாட்பிடி ஒன்றுக்குப் பணம் அனுப்பு முன் அவ்வினாவை ஒருமுறை எழுப்புவாராயின், தந்தையின் சேமிப்பும் நாட்டின் செல்வமும் ஒருங்கே காக்கப்படும்.