குத்துச் சண்டையும் பெருமிதமும்



இலக்கிய நிகழ்ச்சியொன்றிலே கார்ட்டூன் படத்தைப் பற்றிக் கதைக்க என்ன இருக்கிறது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவுச் சித்திரத் தொடர்களில் ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். பெயர் 'வன் பஞ்ச் மான்'. ஒரே குத்தில் எதிரியை வீழ்த்துபவன் என்று பொருள். இது எழுப்பும் பிரச்சினை நமக்குப் பழக்கமான இலக்கியப் பிரச்சினைதான். ஒரு படைப்பு வகையின் நடையையே எடுத்துக்கொண்டு அந்த வகையையே கேலி செய்வதை ஆங்கிலத்தில் பரடி என்பார்கள். எள்ளற்போலி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். வீரனைப் பகிடி பண்ணும் ஒரு கதை, அதே மூச்சிலே வீரத்தை நம்பவும் வைக்குமா என்பதே என் கேள்வி.

முதலிற் சில தகவல்கள். 'வன்' என்ற புனைபெயர் கொண்ட ஓர் இளைஞர் 2009 இல் இக்கதையைத் தாமே வரைந்து இணையத்திலே வெளியிடத் தொடங்கினார். கோடுகள் கோணல்மாணலானவை, சித்திரம் பயிலாத கை என்பது பார்த்தவுடன் தெரியும். ஆனால் கதை பரவிற்று. கைதேர்ந்த சித்திரக்காரரான யூசுக்கே முராத்தா அதனை விரும்பி, 2012 முதல் தம் கையால் மீள வரையலானார். 2015 இல் மாட்ஹவுஸ் நிறுவனம் ஷிங்கோ நட்சுமேயின் நெறியாள்கையில் பன்னிரண்டு அத்தியாயங்கள் கொண்ட தொடராக்கியது. இன்று நான் பேசுவது பெரும்பாலும் இந்த முதற் பன்னிரண்டு பற்றியே. பின்வந்த பருவங்களில் சித்திரத்தின் தரம் இறங்கிவிட்டது என்பது பரவலான மனக்குறை. எனக்கும் அதுவே அபிப்பிராயம்.

கதாநாயகன் சைத்தாமா. மொட்டைத் தலை, மஞ்சள் உடுப்பு, வெள்ளைச் சால்வை. முட்டையிலே கண்ணும் வாயும் கீறியது போன்ற முகம். முன்பு வேலையற்றிருந்தவன். நேர்முகப் பரீட்சையொன்றிலே தோற்றுத் திரும்பும் வழியில் ஓர் இராட்சத நண்டு மனிதனைச் சந்திக்கிறான். நண்டு அளவுக்கு மிஞ்சித் தின்று நண்டாகிப் போனவன் அவன். உறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுவன் தன் உடம்பிலே மையாற் கிறுக்கிவிட்டான் என்பதற்காக அந்தச் சிறுவனைக் கொல்லத் தேடி அலைகிறான். காரணம் முழுக்க முழுக்கப் பகிடி. ஆனாலும் சாகப்போவது ஒரு பிள்ளை. தோல்வியுற்ற அந்த மனிதன் கழுத்துப்பட்டியோடு குறுக்கே போய் நிற்கிறான், அடிபடுகிறான், எப்படியோ வெல்கிறான். சிறு வயதில் வீரனாக வேண்டும் என்று தான் ஆசைப்பட்டது அப்போதுதான் அவனுக்கு நினைவு வருகிறது.

பிறகு மூன்று வருடம் பயிற்சி. தினமும் நூறு தண்டால், நூறு முறை படுத்தெழுதல், நூறு முறை குந்தியெழுதல், பத்துக் கிலோமீற்றர் ஓட்டம். அவ்வளவுதான். மயிர் கொட்டிவிட்டது, வலிமை வந்துவிட்டது. இந்த இரகசியத்தைக் கேட்கும் இயந்திர உடல் கொண்ட சீடன் ஜெனோஸ், இது சாதாரண உடற்பயிற்சிதானே என்று கோபப்படுகிறான். நாமோ சிரிக்கிறோம்.

அதன் பின்னர் எந்த அரக்கன் வந்தாலும் ஒரு குத்துத்தான். அரக்கர்கள் நீண்ட உரை நிகழ்த்துவார்கள், தங்கள் தோற்றக் கதையை விளக்குவார்கள், உருமாறுவார்கள். இவன் முகத்திலே சலிப்பு. பயங்கரமான எதிரியொருவனோடு மோதும் வேளையிலே, அன்று கடையிலே மலிவு விற்பனை நாள் என்பது ஞாபகம் வந்து, அதைத் தவறவிட்டேனே என்று அலறுகிறான். வீரர் சங்கம் நடத்தும் தேர்விலே எழுத்துப் பரீட்சையிற் சறுக்கி, ஆகக் கீழான 'சி' வகுப்பிலே சேர்க்கப்படுகிறான். அந்த வகுப்பினர் வாரம் ஒரு வீரச்செயலாவது செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் பெயர் வெட்டப்படும்! உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இந்தப் பகிடி நன்றாகவே விளங்கும்.

இதோடு நின்றிருந்தால் இது ஒரு நல்ல நகைச்சுவைத் தொடர், அவ்வளவே. எள்ளலுக்கு ஒரு நோய் உண்டு. சிரித்துச் சிரித்துக் கடைசியில் சிரிக்கப்படும் பொருளே இல்லாமற் போய்விடும். பொருள் போனால் சிரிப்பும் போய்விடும். இத்தொடர் அந்த நோய்க்குத் தப்பியது எவ்வாறு என்பதற்கு ஒரு பாத்திரத்தைக் காட்டலாம்.

அவன் பெயர் முமென் ரைடர். 1971 இலே ஷோத்தாரோ இஷினொமோரி உருவாக்கிய 'கமென் ரைடர்' ஜப்பானியத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற முகமூடி வீரன், மோட்டார் சைக்கிளிலே வருபவன். 'கமென்' என்றால் முகமூடி. 'முமென்' என்றால் அனுமதிப்பத்திரம் இல்லாதது. சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத நம் வீரன் மிதிசைக்கிளிலே வருகிறான்! தலைக்கவசம், கண்ணாடி, முழங்காற் காப்பு எல்லாம் உண்டு. விசேட சக்தி எதுவும் இல்லை. முதன்முதல் அவன் வரும் காட்சியிலே ஒரு போக்கிரியை மறித்து நின்று கணப்பொழுதிலே அடிபட்டு விழுகிறான். சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

சில அத்தியாயங்கள் கழித்து ஆழ்கடல் அரசன் என்னும் அரக்கன் கரையேறுகிறான். மழை பெய்கிறது. நனைய நனைய அவன் உடல் பெருக்கிறது. மக்கள் ஒரு புகலிடத்திலே ஒடுங்கியிருக்கிறார்கள். மேல்வகுப்பு வீரர்கள் ஒவ்வொருவராக வீழ்கிறார்கள். ஒரு சிறுமியைக் காக்கக் குறுக்கே பாய்ந்த ஜெனோஸ் அமிலத்தில் உருகிக் கிடக்கிறான். அப்போது ஒரு சைக்கிள் பறந்து வருகிறது. வந்திருப்பவன் முமென் ரைடர். முன்பு நாம் சிரித்த அதே ஆள், அதே சைக்கிள், அதே முடிவுதான் வரப்போகிறது. அவனுக்கும் அது தெரியும். தன்னால் வெல்ல முடியாது என்பது தனக்கே நன்றாகத் தெரியும் என்றும், வெற்றி தோல்வி இங்கே பேச்சல்ல, தான் இப்போது எதிர்த்து நின்றாக வேண்டும் என்றும் அழுதுகொண்டே சொல்கிறான். பயத்தில் உறைந்திருந்த கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கூவத் தொடங்குகிறது. எழுந்து பாய்கிறான். அரக்கன் ஒரே வீச்சில் அவனைத் தூக்கி எறிகிறான்.

நெறியாளர் இந்த இடத்திலே ஒரு பகிடியும் வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடிக்கடி கண் சிமிட்டும் தொடர் இது. இந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் கண் சிமிட்டவில்லை.

நமது தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டை வகுத்தபோது நகையை முதலிலும் பெருமிதத்தை ஆறாவதாகவும் வைத்தார். பெருமிதம் பிறக்கும் இடங்களாக அவர் கூறுபவை கல்வி, தறுகண், இசைமை, கொடை என்ற நான்கு. வெற்றி அந்த நான்கில் இல்லை! வெல்வதெல்லாம் சைத்தாமாதான், ஆயினும் அவன் குத்தினால் நமக்குச் சிரிப்பு வருகிறது. தோற்பவன் முமென் ரைடர், அவன் எழுந்து நின்றால் நமக்கு மயிர் கூச்செறிகிறது. எள்ளலைப் பலசாலிக்கும் பெருமிதத்தைப் பலவீனனுக்கும் பங்கிட்டுக் கொடுத்ததிலே இந்தத் தொடரின் சமநிலை இருக்கிறது என்பது என் எண்ணம். வலிமை, வகுப்பு, புள்ளி, ஆர்ப்பாட்ட உரை எல்லாம் கேலிக்குரியன. ஆபத்திலிருப்பவனுக்கு முன்னால் போய் நிற்பது மட்டும் கேலி செய்யப்படவில்லை.

விழப்போன முமென் ரைடரைத் தாங்கிப் பிடிப்பவன் சைத்தாமா. நன்றாகச் சண்டை பிடித்தாய் என்று சொல்லிவிட்டு அரக்கனை ஒரு குத்தில் முடிக்கிறான். காட்சி இங்கே நின்றிருந்தால் அது வெறும் இறுதிநேர மீட்பாகிவிடும். கதாசிரியர் இன்னொரு படி ஏறுகிறார். ஒரு 'சி' வகுப்பான் ஒரு குத்திலே கொன்ற அரக்கனிடம் தோற்ற பெரிய வீரர்கள் எல்லாம் என்ன வீரர்கள் என்று கூட்டத்தில் ஒருவன் இகழ்கிறான். உடனே சைத்தாமா உரத்துச் சிரிக்கிறான். மற்றவர்கள் அடித்துக் களைக்கச் செய்த அரக்கனைத் தான் கடைசியில் வந்து தட்டிப் பெயரெடுத்துக்கொண்டதாகக் கூசாமற் பொய் சொல்கிறான். பழி இடம்மாறுகிறது. வீழ்ந்தவர்களின் மானம் காக்கப்படுகிறது, அவனை மோசடிக்காரன் என்று ஊர் பேசுகிறது. எள்ளல் என்பதற்குப் பிறரை இகழ்ந்து சிரிப்பது, பிறர் நம்மை இகழ நாம் சிரிப்பது என இரு பக்கம் காட்டினார் பழைய உரைகாரர். இரண்டாவது வகைச் சிரிப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பெயருக்குள்ளும் ஒரு விடயம் ஒளிந்திருக்கிறது. 'வன் பஞ்ச் மான்' ஜப்பானிய வாயிலே 'வன்பன்மான்' ஆகும். இது 'அன்பன்மான்' என்ற பெயரோடு சிலேடை. அன்பன் என்பது இனிப்புப் பயற்றுக் களி உள்ளே வைத்த பணிஸ். (நமது பாணும் ஜப்பானியரின் 'பன்'னும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற ஒரே சொல்தான். தமிழில் எழுதினால் உள்ளே ஓர் அன்பனும் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.) தக்காஷி யனாசே 1973 இலே படப்புத்தகமாக்கிய இந்த வீரனுக்குத் தலையே ஒரு பணிஸ். பசித்தவனைக் கண்டால் தன் தலையிலிருந்து பிய்த்துக் கொடுப்பான். கொடுத்துவிட்டால் பலம் குன்றிவிடும். 1988 முதல் தொலைக்காட்சித் தொடராக வந்து, ஜப்பானில் அதை அறியாத குழந்தை இல்லை எனும்படி ஆயிற்று.

யனாசே போர்க்காலத்தில் சீனாவுக்கு அனுப்பப்பட்ட சிப்பாய். அங்கே பசியறிந்தவர். தம்பி கடற்படையிலே சேர்ந்து மாண்டுபோனார். நீதிக்கான போர் என்று சொல்லப்பட்டது, தோல்வியோடு ஒரே இரவில் தலைகீழாயிற்று. தலைகீழாகாத நீதி ஒன்று உண்டென்றால் அது பசித்தவனுக்கு உணவு கொடுப்பதே என்று யனாசே 2013 இலே மறையும்வரை சொல்லிவந்தார். பணிஸ்தலை வீரன் என்பதும் ஒரு பகிடிதான், மினுங்கும் உடுப்புப் போட்ட வீரர்களைப் பார்த்துச் செய்த பகிடி. அதன் அடியிலே கிடப்பது பட்டினி. தொல்காப்பியரின் நான்கில் கொடையும் இருந்ததல்லவா?

எள்ளலும் நம்பிக்கையும் கலக்கும் முயற்சி வேறு தொடர்களிலும் உண்டு. 2011 இல் வந்த 'டைகர் அன்ட் பன்னி'யிலே வீரர்களின் கவசங்களில் உண்மையான கம்பனிகளின் விளம்பரங்கள் ஒட்டப்பட்டிருக்கும். அதில் வயதேறிய ஒரு தகப்பன், புள்ளிக் கணக்கைப் பாராமல் ஆட்களைக் காப்பாற்றிக் கொண்டிருப்பான். சுவையான தொடர். எனினும் கேலி செய்யப்படும் விளம்பரத்திலேயே தொடரும் பிழைப்பதால் அங்கே கேலியின் கூர் சற்று மழுங்கித்தான் இருக்கிறது. ஓர் இளைஞர் தன் பாட்டிலே கோணலாக வரைந்து தொடங்கிய கதைக்கு அந்தத் தடை இருக்கவில்லை.

ஆர்வமுள்ள நேயர்கள் எட்டாம் ஒன்பதாம் அத்தியாயங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். ஆங்கிலக் குரல் வேண்டாம், ஜப்பானியக் குரலோடு பாருங்கள். முமென் ரைடர் பேசும்போது பின்னாலே மழை விடாமற் பெய்துகொண்டிருக்கும். வார்த்தை விளங்காவிட்டாலும் அந்தக் குரல் எந்த இடத்திலே உடைகிறது என்பது விளங்கும்.